ஃபியோனா பேசுகிறேன்

"மழையா? அங்கேயா?" போனில் அந்தப் பெண்மணி இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

"ஆமாம் மேடம், சோன்னு கொட்டுது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டேதான் பேசறேன்" என்றாள் பாமா.

பாமா உட்கார்ந்திருந்தது ஹைதராபாத், மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு குடும்பம் தன் மாளிகை அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தது. புக்கிங் எல்லாம் இங்கேதான். மாளிகைக்குள்ளேயே இருப்பதுபோல் இங்கிலீஷில் வெளுத்துக்கட்ட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதற்காகவே பாமாவுக்கு ஃபியோனா என்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மை வெளியே வந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அப்பா வேலை பார்த்த மல்லாபூர் ஃபேக்டரியை மூடியதிலிருந்து வீட்டில் உலை கொதிப்பதே இவள் சம்பளத்தில்தான்.

"தோட்டத்துல மயில் இருக்கா?"

"ரெண்டு இருக்கு மேடம். இதோ, ஒண்ணு தோகை விரிக்குது!"

"அடடா!"

பாமா மியூட் பட்டனை அழுத்தினாள். "சார், தலையும் புரியல, வாலும் புரியல. வாடகை கேக்கல, தேதி சொல்லல. மழைங்கறா, மயில்ங்கறா, உசிரை வாங்கறா. கட் பண்ணிடவா?"

"நக்கோ, நக்கோ, வேணாம்!" செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த டீம் லீடர் சம்பந்தம் பதறினார். "இன்னிக்கு ஒரு ரூமாவது போகலைன்னா உன் சீட்டும் கிழியும், என் சீட்டும் கிழியும். அள்ளி விடும்மா!"

பாமா மறுபடி லைனுக்கு வந்தாள்.

"அந்தப் பிரபு குடும்பத்துல யாராவது இன்னும் அங்கே இருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண்மணி.

"பெரியம்மா இருக்காங்க மேடம். தங்கமானவங்க! இப்பக்கூட அவங்க கையாலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்துட்டுப் போறாங்க."

சொன்ன பிறகுதான் பாமாவுக்கு உறைத்தது. ஐயோ, ஓவராகப் போய்விட்டோமோ?

"மேடம்... அப்ப ரூம் போட்டுடட்டுமா?"

"எனக்கு எதுக்கும்மா ரூம்? இந்த மாளிகையில அத்தனை அறையும் காலியாத்தான் கிடக்கு. அந்தப் பெரியம்மா நான்தான்" என்றாள் அந்தப் பெண்மணி. "டீயில சர்க்கரை சரியா இருந்துதா?"