கர்னல் காலி செய்த பானை

குவாமினுக்கு வைத்த கறியைக் கர்னல் தின்றுவிட்டார். ஒரு வாய், இரண்டு வாய் என்றால் பரவாயில்லை. பானையையே காலி செய்துவிட்டார்.

நாங்கள் மாமரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் உலகம் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும். எங்கள் ஜமைக்கா மலையில் நாங்கள் குவாமினை உப்பிடாமல் நினைக்கிறோம். சங்கிலியை அறுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்திலிருந்து இங்கே ஓடிவந்து, பின்னால் வந்தவர்களையெல்லாம் படையாகத் திரட்டி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கடைசிவரை தண்ணி காட்டிய மனுஷன் அவர்.

ஜனவரி ஆறு அவர் பிறந்த நாள். அன்று ஆண்கள் கையால் ஒரு சின்னப் பானையில் அவருக்குப் பன்றிக்கறி. உப்பு மட்டும் கூடாது. உப்பு தின்றால் ஆவிக்கு உடம்பு கனத்துவிடும், பறந்து வர முடியாது. கர்னல், அதாவது நாங்கள் ஓட்டுப் போட்டு வைத்த ஊர்த்தலைவர், ஒரு கரண்டி ருசி பார்ப்பார். பிறகு கொம்பு ஊதி, பானையைச் சமாதிக்குக் கொண்டுபோவோம்.

இத்தனை வருஷமும் சமைத்தவன் என் தம்பி கிளிஃப்டன். இந்த வருஷம் கர்னல் கரண்டியை லின்வலிடம் கொடுத்தார். கடற்கரையில் மீன் பொரித்து விற்றவர் லின்வல். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் 'கீழேயிருந்து வந்தவன்' என்ற பேர் போகவில்லை.

வந்தேறி கையால் குவாமின் சாப்பிடுவாரா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டவள் நான்தான்.

"ஓடி வந்தவங்ககிட்ட நீ எந்தத் தோட்டம்னு குவாமின் கேட்டாரா, மிஸ் வெரோனா?" என்று கர்னல் என் வாயை அடைத்துவிட்டார். லின்வல் ஏதாவது தப்புப் பண்ணட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன்.

தப்புப் பண்ணியதோ கர்னல். ருசி பார்த்தவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு தட்டு கேட்டு வாங்கி, மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி ஹயாசிந்த் பாய்ந்து வந்தாள். "உங்களுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"உப்புதானே வேணாம்னார்? இது குவாமின் கறி. டாக்டர் எனக்குன்னே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு."

கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். 

"லின்வல், இப்படி ஒரு கறியை அந்தக் கிழவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரலைப்பா. அவருக்கு வேற செய். என் வீட்டுப் பன்றியை அடி."

குவாமினைப் பட்டினி போட்டுவிட்டுத் தலைவர் தின்கிறார், அடுத்த தேர்தலில் கவனித்துக்கொள்கிறோம் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கர்னல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது பானைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, ஈ மொய்க்கிறது என்று லின்வலின் மசாலாக் கூடையை என்னிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினார். சமைக்கும் லின்வலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கதையளந்தபடி இளநீர் மேல் இளநீராகக் குடித்தார். தின்ற கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இரண்டாவது பானை இறங்கியது. கர்னல் ஒரே ஒரு கரண்டி ருசி பார்த்துத் தலையாட்டினார். கொம்பு ஊதி, சமாதிக்குப் போய்த் திரும்பியதும் ஆட்டம் தொடங்கிவிட்டது. கர்னலையே மயக்கிய கறி என்ற பெருமையில் லின்வல் கரண்டியைத் தூக்கிப்பிடித்து ஆடினார். அவரை விட்டு எப்போதும் தள்ளியே நிற்கும் என் தம்பிகூட அவர் தோளில் கைபோட்டு, "அப்படி என்னதான்யா போட்ட அதுல?" என்று கேட்டான்.

நான் முதல் பானையைக் கழுவ எடுத்துப்போனேன். அடியில் கொஞ்சம் குழம்பு ஒட்டியிருந்தது. அப்படி என்ன ருசி என்று விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

உப்பு. கடலையே காய்ச்சி ஊற்றிய மாதிரி உப்பு. மீன் பொரித்த கை, பழக்கத்தில் தானாகப் போட்டிருக்கிறது. போட்டது அவருக்கே தெரியவில்லை. கர்னல் என்னிடம் கொடுத்தனுப்பிய கூடையில் உப்புப் பொட்டலமும் இருந்தது இப்போதுதான் உறைத்தது.

கையில் வசமாகப் பிடி கிடைத்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் லின்வல் இந்த மலையில் தலைநிமிர முடியாது. கரண்டி எங்கள் வீட்டுக்கே திரும்பிவிடும்.

திரும்பிப் பார்த்தால், ஐந்தாவது இளநீரோடு கர்னல் நிற்கிறார்.

"என்ன மிஸ் வெரோனா, ருசி பாத்தாச்சா?"

அங்கே லின்வலும் என் தம்பியும் தோளோடு தோள் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பானை நிறையத் தண்ணீரை ஊற்றினேன்.

"சப்புனு இருக்கு, கர்னல். ஒரு கல் உப்புகூட இல்ல."