ஓட்டை இல்லாத சைக்கிள்

"இதுல ஒரு ஓட்டைகூட இல்லையே சார்" என்றார் சைக்கிள் கடைக்காரர். தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த சைக்கிளின் பின்பக்கக் கம்பிகளைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கேரியர் மாட்டணும்னா பிரேம்ல திருகு போட ஓட்டை வேணும்."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீடு வாசல் முழுகிப்போனவர்கூட இவ்வளவு உருக்கமாக நிற்கமாட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மனைவியிடம். குரல் தழுதழுத்தது.

அடுப்படியில் அவள் காய்ச்சும் சோப்புக்கு முதல் முறையாக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. கணவரின் ஆபீசுக்கு எதிரே இருக்கும் கடையில் வாரம் இருபத்தைந்து கிலோ கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வண்டி பிடித்து அனுப்பினால் கிடைக்கிற லாபம் வாடகைக்கே போய்விடும்.

"போற வழிதானேங்க" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வேப்பங்காயாகக் கசக்கும். பழைய சைக்கிளில் கேரியர் இருந்த காலத்தில் மச்சினியின் பெட்டி, மேல்வீட்டுக்காரரின் மின்விசிறி, ஒன்றுவிட்ட தம்பியின் மெத்தை என்று ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி வந்தது. அதனால்தான் ஒன்றரை மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, மருந்துக்குக்கூட ஓட்டை இல்லாத சைக்கிளாகப் பார்த்து வாங்கினார். ஆபீஸ் போகிற அந்த முக்கால் மணி நேரம்தான் அவரை யாரும் எதுவும் கேட்காத நேரம். அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

"ஓட்டை இல்லாட்டி என்ன, அதுக்கும் கேரியர் இருக்கு" என்று கடைக்காரர் உள்ளே போனார். இப்போதுதான் கணவரின் முகம் நிஜமாகவே வாடியது.

வந்தது ஒரு கனமான கேரியர். "பிரேம் கம்பியை நாலு இடத்துல கவ்விப் பிடிக்கும். முப்பது கிலோ தாங்கும்."

"முப்பதா? கம்பி நசுங்கிடாதா?" என்று கணவர் பதறினார். "நான் விழுந்தாக்கூடப் பரவாயில்ல, அவ சோப்பு என்ன ஆகும்?"

தியாகி என்றால் அவரல்லவா தியாகி.

அடுத்தது கொஞ்சம் சிறியது. "உள்ளே ரப்பர் வச்சது. பதினஞ்சு கிலோ."

"பெயின்ட் உரிஞ்சு துருப் பிடிச்சிடும்."

"இது அலுமினியம் சார். துருப் பிடிக்காது."

"உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு வாரமா இதைப் பத்தித்தான் படிச்சிட்டிருக்கேன்." அது உண்மைதான். கேரியர் உடைந்து விழுந்தவர்கள் எழுதிய புலம்பல்களாகத் தேடித் தேடிப் படித்திருந்தார்.

மனைவி மெல்லக் கேட்டாள். "அண்ணே, பின்சக்கரத்து அச்சைப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன்மா. தோதா இருக்கு."

கணவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாகிவிட்டது. கேரியர் வாங்க வந்த இடத்தில் அச்சை விசாரிக்கிறாள். அவளுடைய சைக்கிள் ஞானம் அவ்வளவுதான் என்று பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்.

கடைசியாகக் கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். "இது சீட்டுக்குக் கீழ இருக்கிற தண்டுல மாட்டுறது. எட்டு கிலோவுக்கு மேல வச்சா தொங்கிடும்."

"எட்டேதானா?" என்றார் கணவர். வருத்தமாகக் கேட்க எவ்வளவோ முயன்றும் குரலில் கொஞ்சம் குஷி கலந்துவிட்டது. "என்ன பண்றது, பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே. மிச்சம் பதினேழு கிலோதானேம்மா? நீ பஸ்ல ரெண்டு நடை வந்தா முடிஞ்சுது."

"சரிங்க" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பிடிச்சதையே மாட்டிக்குங்க."

கணவருக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவள் எதிர்த்துப் பேசினால் சொல்வதற்காக யோசித்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் வீணாகிவிட்டன.

ஐந்து நிமிடத்தில் கேரியர் ஏறியது. கடைக்காரர் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். கணவர் கேரியரை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். அது நன்றாகவே ஆடியது. பரம திருப்தியுடன் ஹேண்டில்பாரைப் பிடித்து, "கிளம்பலாமா?" என்றார்.

"இருங்க, என்ன அவசரம்?" என்ற மனைவி, கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அவரு டிபன் பைக்கு வழி ஆச்சுண்ணே. நான் போன்ல சொல்லி வச்சேனே, அம்பது கிலோ ஏத்துற ரெண்டு சக்கர டிரெய்லர், அதையும் பின்சக்கரத்து அச்சுல கோத்துடுங்க."