வழுக்குகிறவனைப் பிடிக்கும் முறை

கலேவெல ஊர் டொக்டர் தில்லையம்பலம், இருமலுக்கு மருந்து கேட்டாலும் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"நிமோனியாக் கிருமி தன்னைச் சுத்திச் சீனிப்பசையாலை ஒரு போர்வை போர்த்திருக்கும். இரத்தத்திலை இருக்கிற வெள்ளையணு விழுங்கப் போனால் வழுக்கும், விளங்குதோ?"

"எங்க கோழியத் தூக்குற கள்ளன் மாதிரி," என்றாள் இருமலுக்கு மருந்து வாங்க வந்த பக்கத்து வீட்டு ஹவ்வா. "ஒடம்பெல்லாம் எண்ணெய். எங்க வீட்டுக்காரர் புடிச்சாலும் நழுவிடுறான். அப்ப கிருமிய எப்பிடிப் புடிக்கிறது?"

"எதிர்ப்பொருள் எண்டு ஒண்டை உடம்பு செய்யும், அது போர்வை மேலை போய் ஒட்டும். பிறகு வெள்ளையணுவுக்குப் பிடி கிடைக்கும்."

"எண்ணெய் மேல மாவு ஒட்டுற மாதிரியா ஐயா?"

"அப்பிடியே வச்சுக்கொள்ளுங்கோ!"

சனிக்கிழமை விடியற்காலை மங்கலில் "கள்ளன்! கள்ளன்!" என்று சத்தம். எண்ணெய் மினுங்க, கோவணத்துடன் ஒருவன் ஹவ்வா வீட்டு வேலி பாய்ந்து வந்தான். ஹவ்வாவின் புருஷன் மர்சூக் பிடித்தான், நழுவியது. பிட்டுக்கு வறுத்து ஆறவைத்த மாவைச் சட்டியோடு அவன் மேல் கவிழ்த்தாள் ஹவ்வா. பிடி இறுகியது. கூடிய சனம் நாலு சாத்துச் சாத்தியது.

மாவைத் துடைத்துப் பார்த்தால், தில்லையம்பலம்! சனி முழுக்குக்கு எண்ணெய் பூசியிருந்தவர், தன் கோழியைத் தூக்கியவனைத் துரத்தி வந்திருக்கிறார். கத்தியதும் அவரேதான்.

"ஐயா சொன்னது அப்பிடியே சரி," என்றாள் ஹவ்வா பூரிப்போடு. "மாவு ஒட்டினதும் வழுக்கவே இல்ல!"