டெய்லரம்மாவின் கோழிகள்

"ஒண்ணு, அந்தக் கோழிங்க இந்தத் தெருவுல இருக்கணும். இல்ல, நாம இருக்கணும்."

தெருச் சங்கக் கூட்டத்தில் வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார். குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது.

"குடலைப் புரட்டுது," என்றாள் நர்ஸம்மா.

சங்கச் செயலாளர் கனைத்துக்கொண்டார். பதவிக்கென்று ஒரு கெத்து வேண்டாமா?

"ஏம்மா, இது மனுஷங்க குடியிருக்கற இடம். கோழி வளர்க்கணும்னா ஊருக்கு வெளியே போய் வளர்த்துக்க."

டெய்லரம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். தையல் வருமானத்தில் விழுகிற துண்டை முட்டை விற்றுத்தான் சமாளித்துக்கொண்டிருந்தாள் பாவம்.

"எல்லாருக்கும் இடைஞ்சல்னா நாளைக்கே வித்துடறேன் சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளரும் தட்டினார். தட்டும்போதே அவர் நினைப்பு தன் ரோஜாச் செடிக்கு ஓடியது.

பின்னே? தன் வீட்டு ரோஜா கொத்துக் கொத்தாகப் பூப்பது தன் கைராசி என்று பீற்றிக்கொண்டு திரிகிறவர் அவர். உண்மையில் அது கோழிராசி. கூண்டில் பரப்பிய வைக்கோலை எச்சத்தோடு வாரி, குவித்து, நன்றாக மக்கவைத்து டெய்லரம்மா சும்மாவே கொடுப்பாள். அதைப் பழைய பெட்ஷீட்டில் கட்டி, சலவைத் துணி மாதிரி தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மலர்க் கண்காட்சி வேறு நெருங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் பெட்ஷீட்டோடு போய் அவள் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்.

"ஏம்மா, நாலு பேர் முன்னாடி நான் அப்படித்தான் பேசியாகணும். அதுக்காக நிஜமாவே வித்துடுவியா? என் ரோஜா பட்டினியில செத்துடும்மா."

"விக்கல சார்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"சொன்னாத்தானே கூட்டம் முடியும்? எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு."

உயிர் வந்தது செயலாளருக்கு. உடனே அடுத்த பயமும் வந்தது.

"மத்தவங்க சும்மா விட மாட்டாங்களேம்மா. வாத்தியார் குதிச்ச குதியைப் பார்த்தியா?"

டெய்லரம்மா மூட்டையைக் கட்டி அவர் கையில் திணித்தாள். பின்பக்கச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சீக்கிரம் கிளம்புங்க சார். வாத்தியார் அவர் கத்தரிச் செடிக்கு வாளி தூக்கிட்டு வர்ற நேரம். அவர் போனதும் நர்ஸம்மா வரணும். ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாம இத்தனை நாளா எல்லார் மானத்தையும் காப்பாத்திட்டு இருக்கேன்."