தேவ்லாலியில் ஓர் அறை

“இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கோ. இது போறாது.”

மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அனந்தநாராயணன் மனைவியை முறைத்தார். “இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் பொய் லீவு போட்டதில்லே நான். கடைசியில என்னைக் கூத்தாடியா ஆக்கிட்டியே, அபயம்!”

“நல்லாத்தான் ஆடறேள். பேசாம ஏறுங்கோ. நாலு படிக்கு ஒரு தரம் நில்லுங்கோ” என்றாள் அபயாம்பாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. பம்பாயில் எந்த ஆபீஸைப் பார்த்தாலும் ஆள்குறைப்பு. கோடை லீவுக்கு ஊட்டி, குற்றாலம் என்று கிளம்பிய மாட்டுங்காத் தமிழ்க் குடும்பங்களெல்லாம் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டன.

அந்த நேரம் பார்த்து யாரோ புண்ணியவான் கண்டுபிடித்த ஊர்தான் தேவ்லாலி. காலையில் தாதரில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஒரு தர்ம ஸ்தாபனத்து விடுதியில் நாளுக்கு நாலணா வாடகையில் அறை. வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு இடைஞ்சல். உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டுமே அறை. சர்டிபிகேட்டோடு மாட்டுங்கா ஆபீஸுக்கு வந்து ஸ்தாபனத்து டாக்டரிடம் உடம்பைக் காட்டியாக வேண்டும். அவ்வளவுதான், அந்த ஏப்ரலில் மாட்டுங்காவில் பாதிப் பேருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போயிற்று.

அனந்தநாராயணனுக்கு இதெல்லாம் வேண்டியே இருக்கவில்லை. அபயாம்பாள்தான் விடவில்லை. போன மாசம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது, பார்க்க வந்த குடும்ப டாக்டரைச் சமையலறையில் நிறுத்தி அரைமணி நேரம் பேசி, ஒரு பொய் சர்டிபிகேட் கெஞ்சி வாங்கியதாகச் சொன்னாள். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கரி ஈரம், ஒரே புகை என்றாள்.

“என்ன வியாதின்னு எழுதியிருக்கார்?”

“நெஞ்சு பலவீனம்.”

“ஐயையோ, வேற வியாதியே கிடைக்கலையா?” என்று அலறினார். ஜலதோஷம் வந்தாலே உயில் எழுத உட்கார்ந்துவிடுகிற மனுஷர் அவர்.

“பொய்தானேன்னா! பொய்க்கு எதுக்குப் பயம்?” என்று சிரித்தாள் அவள்.

மூன்றாம் மாடியில், ஸ்தாபனத்து ஆபீஸ் பெஞ்சில் ஏற்கெனவே கூட்டம். கொளுத்துகிற வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஒரு குண்டு மனிதர் முனகிக்கொண்டிருந்தார். அனந்தநாராயணன் பக்கத்தில் உட்கார்ந்ததும் முனகலை நிறுத்திவிட்டுக் காதோடு சொன்னார்.

“ஜாக்கிரதை சார். டாக்டர் நம்ம பாலக்காட்டுக்காரர்தான், ஆனா பொல்லாதவர். போன வாரம் ஒருத்தர் பொய் சர்டிபிகேட்டோட மாட்டிண்டார். நேரா அவர் ஆபீஸுக்கே லெட்டர் போட்டுட்டார். மறுநாளே சீட்டு கிழிஞ்சுடுத்து.”

அனந்தநாராயணன் விருட்டென்று எழுந்தார். அவருடைய ஆபீஸில் திங்கட்கிழமை பட்டியல் வரப்போகிறது. பதினைந்து பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. இந்த நேரத்தில் அப்படி ஒரு கடிதம் போனால் பதினாறாவது ஆள் அவர்தான்.

“எழுந்திரு, போயிடலாம்.”

“உட்காருங்கோ.”

“தேவ்லாலியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!”

அபயாம்பாள் அவர் கையை இறுகப் பற்றி உட்கார வைத்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. இவளுக்கும் உள்ளூரப் பயம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் உள்ளேயிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். இருவருமாக உள்ளே போனார்கள்.

டாக்டர் கல்யாணகிருஷ்ணன் சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. சர்டிபிகேட்டை ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“சட்டையைக் கழட்டுங்கோ.”

ஸ்டெதஸ்கோப் இடது மார்பில் அழுந்தியது. பிறகு முதுகுக்குப் போயிற்று. மறுபடியும் இடது மார்புக்கே வந்து அங்கேயே நின்றது. ஒரு நிமிஷமாவது இருக்கும். அனந்தநாராயணனின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

“எத்தனை நாளா மூச்சு வாங்கறது?”

வீட்டில் மூன்று நாள் உருப்போட்ட பதில் சமயத்தில் மறந்து தொலைத்தது. “இப்போ... மாடி ஏறறச்சே...” என்று குழறினார்.

டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்தார். நிமிர்ந்து அபயாம்பாளைப் பார்த்தார். அப்பப்பா, என்ன பார்வை அது! அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொலைந்தது. வேலை போயிற்று, மானமும் போயிற்று. அனந்தநாராயணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“சார், மன்னிச்சுடுங்கோ! எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லே. மூச்சு வாங்கினதெல்லாம் நடிப்பு. அந்த சர்டிபிகேட் சுத்தப் பொய். லீவுக்கு எங்கேயாவது போகணும்னு ஆசைப்பட்டுட்டோம். தயவு பண்ணி ஆபீஸுக்கு மட்டும் எழுதிடாதேங்கோ, பிழைப்பே போயிடும்!”

டாக்டர் அவரையே வெறித்துப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லேன்னு யார் சொன்னா உமக்கு?”

“இவதான் சார்! நீதானேடி கெஞ்சி வாங்கினே? சொல்லேன், அபயம்!”

அபயாம்பாள் எழுந்து வந்தாள். கழற்றிய சட்டையை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள்:

“சர்டிபிகேட் நெஜம்தான் டாக்டர். பொய் சொன்னது இவர்கிட்டேதான்.”