இத்தாவுக்குள்

“தலாக் சொல்லி ஒரு வாரம்தான் ஆச்சு, ஹஜ்ரத். இத்தாக் காலம் முடியறதுக்குள்ள பொண்டாட்டியைத் திரும்பக் கூட்டிக்கலாம்ல?” நாராதிவாத் பள்ளிவாசல் வாசலில் மஸ்லான் இமாமை அதட்டினான்.

“கூட்டிக்கலாம். அவ சம்மதம்கூட வேணாம். இத்தா முடிஞ்சுட்டா உனக்கு உரிமையில்லை.”

“கேட்டியாடி? வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்!” ரொகையாவின் மணிக்கட்டை முறுக்கி இழுத்தான்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். “இத்தா முடிஞ்சுருச்சு, ஹஜ்ரத்.”

“பொய்! புள்ளத்தாச்சிக்குப் பிரசவத்தோடதான் இத்தா முடியும். இன்னும் நாலு மாசம் கெடக்கு!”

“தலாக் சொன்ன கையோட என் வயித்துல உதைச்சியே? அன்னிக்கே புள்ள செத்துப் பொறந்துச்சு. அடக்கமும் பண்ணியாச்சு.”

மஸ்லானின் பிடி தளர்ந்தது.

“இத்தாவை முடிச்சு வச்சது உன் காலுதான்டா.”