மீன்பெட்டியில் வந்த குப்பி

விளக்குகளை அணைத்துவிட்டு அபினா நுண்ணோக்கியில் குனிகிறாள். மேஜைக்கடியில் அண்ணன் டிஜோவின் மீன்பெட்டி சொட்டுச் சொட்டாக வடிகிறது. சாளை வாசம் ஆய்வகம் முழுக்க நிற்கிறது. மூன்று மாதம் காத்திருந்த குப்பி, காலையில் அந்தப் பெட்டியில்தான் கூரியர் ஆபீஸிலிருந்து இந்தத் தக்கலை ஆய்வகத்துக்கு வந்தது. பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுவின்மேல் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் ஆன்டிபாடி அது. சூடுபட்டாலும் போச்சு, உறைந்தாலும் போச்சு. "ஐஸ்ல உப்புப் போட்டியாண்ணே?" என்று திரும்பாமலே கேட்கிறாள். உப்பு சேர்ந்தால் குளிர் ஏறிக் குப்பி உறைந்திருக்கும். "தூரத்துக்குப் போற சாளைக்குப் போடுவேன். இது உனக்க சாமானில்லா ஏட்டி, வெறும் ஐஸ்தான்." இருட்டில் முதலில் ஒன்றுமில்லை. நுண்ணோக்கியின் திருகை மயிரிழை நகர்த்துகிறாள். பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கின்றன. தன்மேல் அடிக்கும் மீன் நாற்றத்துக்குக் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்கிறவனை இழுத்துவந்து குனியவைக்கிறாள். இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கக் குத்திய அவன் விரலில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. "ராத்திரி கடல்ல தண்ணி மின்னுமில்லா, அதேபோலக் கெடக்கு," என்கிறான். பிறகு, மெதுவாக, "இவ்வளவும் எனக்க உள்ளயா கெடந்துச்சி?" கீழே வண்டியில் மீன் காத்துக் கிடக்கிறது. அவன் கண்ணை எடுக்கவில்லை.